திரையில் தோன்றும் பொய் எச்சரிக்கை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் சிற்றூருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மனிதன் வருவதுண்டு. வசதியுள்ள ஒரு வீட்டைத் தேர்ந்து, அதன் திண்ணையருகே நின்று, கண்களை மூடிச் சற்று நேரம் ஏதோ முணுமுணுப்பான். பிறகு, “இந்த வீட்டில் செய்வினை இருக்கிறது” என்பான். வீட்டார் நடுங்கிப் போவர். அவனே கொல்லைப்புறத்திற்குச் சென்று ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொல்லுவான். முழ ஆழம் தோண்டியதும், எழுத்துப் பொறித்த செப்புத் தகடு ஒன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டுவான். அதனைக் கழிப்பதற்கென்று ஒரு தொகை பேசிப் பெற்றுக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஊரைக் கடந்துவிடுவான்.

ஒரு முறை அவன் எங்கள் வீட்டிற்கே வந்தான். தகடும் வழக்கம்போல் வெளிப்பட்டது. என் பாட்டனார் அதனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பத்து ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த செம்பு என்கிறாய். களிம்பு எங்கே?” என்று கேட்டார். அவனிடம் விடை இல்லை. தகடு மண்ணிலிருந்து வந்ததன்று. அவன் மடியிலிருந்து மண்ணுக்குப் போனது என்பது அன்றுதான் ஊருக்கு விளங்கிற்று.

அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. பாட்டனாரும் இல்லை, அந்த மனிதனும் இல்லை. ஆயினும் அதே தொழில் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் வீட்டிற்குள் மீண்டும் நுழைந்தது. இம்முறை திண்ணைக்கு வரவில்லை. என் மேசைமேல் இருந்த கணினித் திரையின் வலப்பக்கத்துக் கீழ்மூலையில் வந்து நின்றது. அதனைப் பற்றியே இன்று உங்களிடம் சில சொற்கள் கூற விரும்புகிறேன். இதில் என் பேதைமையும் ஒரு பகுதி. அதனை மறைத்துவிட்டுப் பேசினால் இப்பேச்சினால் பயனில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பொழுதைப் பயனுறக் கழிக்கவேண்டும் என்னும் எண்ணத்தில் ஒரு கணினி வாங்கினேன். பழைய நூல்களைத் தேடிப் படிப்பதும், வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுவதுமே அதன் வேலை. ஒரு நாள் மாலை, கிடைத்தற்கரிய இலக்கண நூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, அறிமுகமில்லாத ஓர் இணையப் பக்கம் திறந்தது. “நீங்கள் இயந்திரம் அல்லர், மனிதரே என்பதை மெய்ப்பிக்க ‘அலவ்’ என்னும் பொத்தானை அழுத்துங்கள்” என்று அதில் எழுதியிருந்தது. மனிதன் என்பதை மெய்ப்பிப்பதில் எனக்கு என்ன தயக்கம்? அழுத்திவிட்டேன். நூல் கிடைக்கவில்லை. வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாட் காலையில் கணினியைத் திறந்தேன். கீழ்மூலையில் ஒரு சிறு கட்டம் எழுந்தது. சிவப்பு நிறத்தில் கேடயச் சின்னம். அதன் அருகே, “உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன” என்னும் செய்தி. மூடினேன். சில நிமிடங்களில் மற்றொன்று: “உங்கள் பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டது.” அதனையும் மூடினேன். மூன்றாவதாக, “உங்கள் வங்கிக் கடவுச்சொல் திருடப்படுகிறது” என்று வந்தது. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். அறிவிப்புகளும் மீண்டும் வந்தன. மூன்று நாட்கள் இவ்வாறே நடந்தது. என் ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கும் அந்தக் கணினியில் பார்ப்பதுதான். இரவில் உறக்கம் வரவில்லை.

நான்காம் நாள் அந்த அறிவிப்பைத் தொட்டேன். ஒரு பக்கம் விரிந்தது. கணினியின் உட்புறம் முழுவதையும் சோதிப்பதுபோல் ஒரு பச்சைக் கோடு வளர்ந்தது. கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று ஓடின. முடிவில், குறிப்பிட்ட நிமிடத்திற்குள் பணம் செலுத்தினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கிற்று. நான் எழுந்து சென்று வங்கி அட்டையை எடுத்து வந்தேன். அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி, “யாருக்குப் பணம் கட்டுகிறீர்கள்?” என்று கேட்டாள்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு என்னால் விடை கூற இயலவில்லை. எந்தக் கடைக்கும், எந்த மனிதருக்கும், எந்த நிறுவனத்திற்கும் என்று நான் அறியேன். யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பணம் கட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் பிள்ளைகளிடம், “வினாவை இருமுறை படி, பிறகு விடை எழுது” என்று கூறியவன் நான்.

அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, கணினியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றேன். அங்கே என் பழைய மாணவி ஒருத்தி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கணினி பழுது பார்ப்பதும் உண்டு. அவள் திரையைப் பார்த்தாள். “சார், இதில் வைரஸ் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் யாருக்கோ அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும்” என்றாள். அவ்வாறே செய்தாள். அறிவிப்புகள் நின்றன. பிறகு, கணினியிலேயே உள்ள பாதுகாப்புச் செயலியைக் கொண்டு முழுச் சோதனையும் செய்து காட்டினாள். குற்றம் ஒன்றும் இல்லை.

அவள் எனக்கு விளக்கியதையும், பிறகு நான் படித்து அறிந்ததையும் இப்போது சுருக்கமாகக் கூறுகிறேன்.

இணையத்தைப் பார்க்க நாம் பயன்படுத்தும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் என்பன அவ்வகையின. இணையதளங்கள் நமக்குச் சிறு அறிவிப்புகளை அனுப்பும் வசதி குரோம் உலாவியில் 2015-ஆம் ஆண்டிலும், ஃபயர்பாக்ஸில் 2016-ஆம் ஆண்டிலும் ஏற்பட்டது. நோக்கம் நல்லதே. புதிய செய்தி வந்தால் நாளிதழ் அறிவிக்கும். கடிதம் வந்தால் அஞ்சல் தளம் அறிவிக்கும். நாம் ‘அலவ்’, அதாவது ‘இசைகிறேன்’, என்று அழுத்தினால்தான் ஒரு தளம் இவ்வாறு அறிவிக்க முடியும். ஆனால் ஒருமுறை இசைந்துவிட்டால், அந்தத் தளத்தை மூடிய பின்னும் அறிவிப்பு வரும். அதுவும் கணினி தன் சொந்தச் செய்திகளைக் காட்டும் அதே மூலையில், ஏறத்தாழ அதே வடிவில் வரும். ஆகவே எங்கோ இருக்கும் ஒருவன் எழுதிய சொல், நம் கணினியே நம்மிடம் சொல்வதுபோல் தோன்றுகிறது. சூழ்ச்சியின் வேர் இதுதான்.

பச்சைக் கோடு வளர்ந்ததே, அது என்ன என்று கேட்பீர்கள். அது வெறும் படம். ஓர் இணையப் பக்கம் தானாகவே நம் கணினிக்குள் புகுந்து கோப்புகளை ஆராய்வதற்கு உலாவி இடம் கொடுப்பதில்லை. அங்கே ஓடிய பெயர்கள் முன்னரே எழுதி வைக்கப்பட்டவை. என் கணினியிலும் அதே ஐந்து வைரஸ். அடுத்த வீட்டுக் கணினியிலும் அதே ஐந்து.

பொய் எச்சரிக்கையை இனங்காண மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, அனுப்பியவர் பெயர். அறிவிப்பின் ஓரத்தில் உலாவியின் பெயரும், ஓர் இணைய முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், சிறிய எழுத்தில் இருப்பதே உண்மையான முகவரி. அது பொருளற்ற எழுத்துக் கோவையாக இருப்பின் ஐயமே வேண்டா. இரண்டாவது, அவசரம். “இன்னும் ஐந்து நிமிடம்” என்று கடிகாரம் காட்டுவது நம்மைச் சிந்திக்க விடாமல் செய்வதற்கே. மூன்றாவது, தொலைபேசி எண். தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளிப்படையாகவே கூறியுள்ளது. எண் இருந்தால் அது பொய். என் பாட்டனார் களிம்பைத் தேடியதுபோல் நாம் இம்மூன்றையும் தேடவேண்டும்.

இனி, மருந்து. எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம். குரோம் உலாவியின் வலப்பக்க மேல்மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதனை அழுத்தி ‘செட்டிங்ஸ்’ என்பதற்குச் செல்க. அங்கே ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’; அதனுள் ‘சைட் செட்டிங்ஸ்’; அதனுள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’. எந்தெந்தத் தளங்களுக்கு நாம் இசைவு கொடுத்திருக்கிறோம் என்னும் பட்டியல் அங்கே இருக்கும். அறியாத பெயர் எதுவாயினும் அதனை நீக்கிவிடுக, அல்லது தடுத்துவிடுக. இனி எந்தத் தளமும் இவ்வாறு கேட்கவே கூடாது என்று கட்டளையிடவும் அங்கே வழி உண்டு. ஏனைய உலாவிகளில் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்னும் சொல்லைத் தேடினால் இதே பட்டியலை அடையலாம். கைப்பேசியில் உள்ள உலாவிக்கும் முறை ஏறத்தாழ இதுவே.

சில வேளைகளில் எச்சரிக்கை மூலையில் நில்லாமல் திரை முழுவதையும் மூடிக்கொள்ளும். அபாயச் சங்கும் ஒலிக்கும். சுட்டியை எங்கே அழுத்தினாலும் அசையாது. அஞ்ச வேண்டா. விசைப்பலகையின் இடப்பக்க மேல்மூலையில் உள்ள ‘எஸ்கேப்’ விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருங்கள். அதற்கும் அடங்கவில்லையாயின் ‘ஆல்ட்’ விசையோடு ‘எஃப் 4’ விசையை அழுத்துங்கள். ஒன்றும் பலிக்கவில்லையென்றால், கணினியை நிறுத்தும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அது அணைந்துவிடும். மீண்டும் திறக்கும்போது, “முன்பு திறந்திருந்த பக்கங்களைத் திரும்பக் கொண்டு வரலாமா?” என்று உலாவி கேட்கும். வேண்டா என்று கூறிவிடுங்கள்.

2024-ஆம் ஆண்டு முதல் பரவிவரும் மற்றொரு சூழ்ச்சியையும் கூறவேண்டும். “மனிதர் என்பதை மெய்ப்பிக்க, விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ விசையை அழுத்துங்கள், பிறகு ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘வி’ விசையை அழுத்துங்கள், பிறகு ‘என்டர்’ அழுத்துங்கள்” என்று ஒரு பக்கம் கூறும். அவ்வாறு செய்தால், அந்தப் பக்கம் மறைவாக நகலெடுத்து வைத்த கட்டளையை நாமே நம் கையால் கணினிக்கு இடுகிறோம். அது பொய் வைரஸ் அன்று. மெய்யான தீங்கை வீட்டிற்குள் அழைத்து வருவது. எந்த நேர்மையான தளமும் இவ்வாறு கேட்காது.

இவ்வளவு கூறியதனால், வைரஸ் என்பதே கட்டுக்கதை என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1986-ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் வைரஸ், வட்டுகளின் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவிற்று. 1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க மாணவர் ஒருவர் வெளிவிட்ட ‘மோரிஸ்’ புழு, அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. நோய் உண்மை. நோய் உண்மையாக இருப்பதனாலேதான் போலி மருத்துவனுக்குப் பிழைப்பு நடக்கிறது.

அந்தப் பிழைப்பு சிறியதும் அன்று. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், பொய்ச் சோதனை காட்டிப் போலிப் பாதுகாப்புச் செயலிகளை விற்ற ஒரு கும்பல்மீது வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் ஏமாந்திருந்தனர் என்று ஆணையம் கூறிற்று. 2012-ஆம் ஆண்டில் நீதிமன்றம் 16 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. இவ்விழிதொழிலில் நம் நாட்டிற்கும் பங்கு உண்டு என்பதைக் கூற நாணுகிறேன். தொழில்நுட்ப உதவி என்னும் பெயரால் அயல்நாட்டாரை ஏமாற்றிய தொலைபேசி நிலையங்கள் நம் நாட்டிலேயே இயங்கின. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்தியப் புலனாய்வுத் துறை, ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்னும் நடவடிக்கையில் நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. படித்த இளைஞர் சிலர், கடல் கடந்த நாட்டு முதியவர்களை அச்சுறுத்துவதை ஊதியம் தரும் வேலையாக ஏற்றனர் என்பது, ஆசிரியனாக இருந்த எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. நாம் கற்பித்ததில் எங்கோ குறை இருந்திருக்கிறது.

இனிக் கூறப்போவது என் நண்பர் ஒருவரைப் பற்றியது. என் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்தவர். அவர் இசைவு பெற்றே கூறுகிறேன், பெயர் கூறேன்.

அவருடைய திரையிலும் அதே எச்சரிக்கை வந்தது. அதில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் மிகப் பணிவான குரல். “ஐயா, கவலைப்படாதீர்கள்; நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றது. தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லியது. நிறுவினார். உடனே சுட்டி தானாக நகர்ந்தது. ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் ஏட்டைத் திறந்து, அதில் வரிசை வரிசையாக இருந்த சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, “இவை அனைத்தும் வைரஸ்” என்றது அக்குரல். உண்மை யாதெனில், நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அந்த ஏட்டில் அத்தகைய குறிகள் இருக்கும். சிறு சிறு தடங்கல்களைக் கணினி தானே குறித்துவைக்கும் நாட்குறிப்பு அது. கொல்லையில் தோண்டி எடுத்த தகடு என் நினைவுக்கு வந்தது. நண்பருக்குத் தகட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. அவர் 42,000 ரூபாயை இழந்தார்.

இழப்பைவிடப் பெரிய தீங்கு அதன் பின்னர் நேர்ந்தது. அவர் அதனை ஒருவரிடமும் கூறவில்லை. மனைவியிடம் கூறவில்லை, மகளிடம் கூறவில்லை. “ஊருக்கெல்லாம் அறிவு சொன்னவன், இப்படி ஏமாந்தான் என்று சிரிப்பார்களே” என்று அஞ்சினார். குறைந்த பணத்தைச் சரிக்கட்ட, இதய நோய்க்கு நாள்தோறும் உண்ண வேண்டிய மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டார். மூன்று மாதம் இவ்வாறு கழிந்தது. ஒரு நாள் மாலை நடைக்கு அவரோடு சென்றபோது, வங்கி அட்டையோடு நான் நின்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாலையோர மதகில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் இருவரும் மருத்துவரிடமும், அதன்பின் வங்கிக்கும் காவல் நிலையத்திற்கும் சென்றோம். மருத்துவர் அவரைக் கடிந்துகொண்டு மருந்தை ஒழுங்குபடுத்தினார். பணம் திரும்பவில்லை. காலம் கடந்துவிட்டது.

அன்றே கூறியிருந்தால் ஒருவேளை மீட்டிருக்கலாம். இணையவழிப் பண மோசடிக்கென்று நம் நாட்டில் 1930 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. இழந்தவர் விரைந்து தெரிவித்தால், பணம் கள்வன் கைக்குப் போய்ச் சேருமுன் இடையில் உள்ள கணக்கிலேயே அதனை நிறுத்திவைக்க முயல்வார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் அரசு இணையதளத்திலும் முறையிடலாம். ஆகவே, ஏமாந்துவிட்டோம் என்று அறிந்த கணமே செய்ய வேண்டியவை இவை: கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்குப் பேசி அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். 1930-க்குப் பேசுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். நிறுவிய செயலியை, அறிந்தவரைக் கொண்டு நீக்குங்கள். சில நாட்கள் கழித்து, “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள்” என்று ஒருவன் பேசுவான். அவனும் அந்தக் கூட்டத்தானே.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையோ தாயோ, பாட்டனோ பாட்டியோ, “திரையில் ஏதோ வருகிறது” என்று கூறினால், “இதுகூடவா தெரியாது?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே பலர் வாய் மூடியிருக்கின்றனர். வாய் மூடியிருப்பவரே கள்வனுக்கு எளிய இரை. பக்கத்தில் உட்கார்ந்து, பட்டியலை எடுத்து, வேண்டாத அனுமதிகளை நீக்கிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

என் வயதை ஒத்தவர்களுக்கும் ஒன்று கூறுவேன். நாம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகிய தலைமுறையினர். அச்சிட்ட எழுத்தை மதித்து வளர்ந்தவர்கள். திரையில் ஓர் ஆணை தோன்றினால் நம் விரல் தானே அதனிடம் போகிறது. அந்த விரலைச் சற்றே நிறுத்தி, என் மனைவி கேட்ட கேள்வியை நாமே கேட்டுக்கொள்வோம்: “யாருக்கு?” யாருக்கு இசைவு கொடுக்கிறேன்? யாருக்குப் பணம் கட்டுகிறேன்? விடை தெரியாவிட்டால் கணினியை மூடிவிட்டு, அறிந்தவர் ஒருவரிடம் கேட்போம். கேட்பதில் இழிவில்லை. என் மாணவியிடம் நான் கேட்டேன். இன்று கணினியில் ஏதேனும் ஐயம் எழுந்தால் என் நண்பரும் நானும் அவள் கடைக்கே போகிறோம். எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, “சார், முதலில் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்” என்கிறாள். நாங்களும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கிறோம்.